ஏரி வண்டலும் நம் இளைஞர்களும்

(நம் கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கால் நூற்றாண்டுக் காலம் நம் பிள்ளைகளின் படிப்புக்குத் துணைநின்ற இச்சங்கத்தின் வெள்ளிவிழாவில், 'கல்வியும் முன்னேற்றமும்' என்னும் தலைப்பில் பேசுமாறு பொறுப்பாளர்கள் என்னைப் பணித்தார்கள். பொதுத் தலைப்பில் பொதுவாகப் பேசிவிட்டுப் போவது எளிது. படியுங்கள், உயருங்கள் என்று சொன்னால் எல்லோரும் கைதட்டுவீர்கள். வீட்டுக்குப் போனதும் மறந்துவிடுவீர்கள். ஆகவே நான் ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, படித்த ஒருவன் தன் ஊரில் அதனைக் கொண்டு என்ன செய்யக்கூடும் என்பதை விளக்கலாம் என்று எண்ணினேன். அப்பொருள் நம் கால்களுக்குக் கீழேயே கிடப்பது. ஏரியின் அடியிலும் அணையின் அடியிலும் படிந்து கிடக்கும் வண்டல் மண்தான் அது. அந்த மண்ணின் தன்மையை அளந்து வரைபடமாக்குவது எப்படி, அதனால் நமக்கு என்ன பயன் என்பதே இன்றைய என் பேச்சு.

வண்டலைப் பற்றி நம் மக்களுக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. தென் மாவட்டங்களில் 'கரம்பை' என்பார்கள். வட மாவட்டங்களில் 'வண்டல்' என்பார்கள். கோடையில் நீர் வற்றிய ஏரியின் உள்வாயிலிருந்து அதனை வெட்டி, வண்டியில் ஏற்றி, நிலத்தில் கொட்டிப் பரப்புவது காலங்காலமாக நடந்துவரும் வேளாண்மை முறை. அந்த மண்ணை வெட்டியவர்கள் யார்? கூடையில் சுமந்தவர்கள் யார்? மதகைத் திறந்து நீரைப் பங்கிட்டுப் பாய்ச்சிய நீர்க்கட்டிகள் யார்? பல ஊர்களில் நம் பாட்டனும் பாட்டியுந்தான். எந்த இடத்து மண் பசையுள்ளது, எந்த இடத்து மண் வெறும் மணல் என்பது அவர்களுடைய மண்வெட்டிக்குத் தெரியும். ஆனால் அந்த அறிவு ஏட்டில் ஏறவில்லை. ஏட்டில் ஏறாத அறிவுக்கு அலுவலகத்தில் மதிப்பில்லை. இந்த ஒரு குறையைத்தான் படித்த நம் இளைஞர்கள் போக்க வேண்டும் என்கிறேன்.

முதலில் வண்டல் எப்படிப் படிகிறது என்று பார்ப்போம். மழைநீர் மேட்டு நிலத்தின் மேல்மண்ணை அரித்துக்கொண்டு ஓடிவருகிறது. ஓடும் நீருக்கு மண்ணைச் சுமக்கும் வலிமை உண்டு. நிற்கும் நீருக்கு அது இல்லை. ஆறோ வரத்துக்காலோ தேக்கத்துக்குள் நுழைந்தவுடன் நீரின் வேகம் தளர்கிறது. தளர்ந்தவுடன் கனமான பரு மணல் முதலில் கீழே இறங்குகிறது. அதனினும் நுண்ணிய மணல் சற்றுத் தள்ளிப் படிகிறது. வண்டல் துகள் நடுப்பகுதி வரை செல்கிறது. மிக நுண்ணிய களித்துகளோ நெடுநேரம் நீரில் மிதந்து, கரையையும் மதகையும் ஒட்டிய ஆழமான பகுதியில் போய் அடங்குகிறது.

இதற்கு ஒரு கணக்கும் உண்டு. 1851ஆம் ஆண்டில் ஸ்டோக்ஸ் என்னும் அறிஞர் கண்ட விதி அது. நுண்துகள் நீரில் இறங்கும் வேகம் அதன் விட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். 0.02 மில்லிமீட்டர் விட்டமுள்ள துகள், அசையாத நீரில் ஒரு மீட்டர் ஆழம் இறங்க ஏறத்தாழ முக்கால் மணி நேரம் ஆகும். 0.002 மில்லிமீட்டர் விட்டமுள்ள களித்துகளுக்கு அதே ஒரு மீட்டர் இறங்க மூன்று நாள்களுக்கு மேல் ஆகும். விட்டம் பத்தில் ஒரு பங்கு. நேரமோ நூறு மடங்கு. ஆகவே ஒரே ஏரிக்குள் வாயிலில் ஒரு மண், நடுவில் ஒரு மண், மதகடியில் ஒரு மண் என்று இயற்கையே சலித்துப் பிரித்து வைத்திருக்கிறது. 'ஏரி மண்' என்று ஒரே பெயரால் அழைப்பதனால் அது ஒரே மண்ணாகிவிடாது. இந்த உண்மையை நெஞ்சில் பதித்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போகும் அனைத்துக்கும் இதுவே அடிப்படை.

இனி, அணைகளைப் பற்றி ஒரு சொல். அணையைக் கட்டி முடித்த நாளிலிருந்தே அதில் மண் படியத் தொடங்குகிறது. மேட்டூர் அணை 1925இல் தொடங்கி 1934இல் முடிக்கப்பட்டது. 120 அடி உயரத்துக்கு நீர் தேக்கி, 93.47 டி.எம்.சி. கொள்ளும் வகையில் அது அமைந்தது. கட்டி முடித்து 83 ஆண்டுகள் கழிந்த பின்னரே, 2017ஆம் ஆண்டில், அங்கே வண்டலை எடுத்து உழவர்களுக்கு வழங்கும் பணி முதன்முறையாகத் தொடங்கியது. தமிழ்நாட்டில் சிறியனவும் பெரியனவுமாக ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. அவற்றின் அடியில் படிந்த மண் ஒருபுறம் நீரின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மறுபுறம் நம் நிலங்கள் அந்த மண் இன்றி வறண்டு கிடக்கின்றன. அண்டை மாநிலமாகிய தெலங்கானாவில் 2015ஆம் ஆண்டில் 'மிஷன் காகதீயா' என்னும் திட்டம் தொடங்கப்பெற்று, ஏரிகளைத் தூர்வாரி, அந்த வண்டலை உழவர்கள் தம் வயல்களுக்கு எடுத்துச் செல்ல வழி செய்யப்பட்டது.

இந்த இடத்தில் நம் இளைஞர்கள் ஒரு செய்தியை அறிந்திருக்க வேண்டும். அண்ணல் அம்பேத்கர் 1927ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் நாள் மகாடு நகரத்தில் சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகியதை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். ஆனால் அதே அண்ணல், 1942 முதல் 1946 வரை வைசிராய் நிருவாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, நீர்ப்பாசனமும் மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தன என்பதையும், தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்துக்கும் ஹிராகுட் அணைத் திட்டத்துக்கும் அடித்தளமிட்ட மாநாடுகளுக்கு 1945இல் அவர் தலைமை தாங்கினார் என்பதையும், இன்றைய மத்திய நீர் ஆணையத்தின் முன்னோடியான அமைப்பு அதே ஆண்டில் உருவானது என்பதையும் நம்மில் எத்தனை பேர் அறிவோம்? ஒரு குளத்து நீரைத் தொடும் உரிமைக்காகப் போராடியவர், நாட்டின் பேராறுகளை எப்படித் தேக்குவது என்று திட்டமிடும் இடத்துக்கு உயர்ந்தார். நீரைத் தொடுவது உரிமை. நீரை ஆளுவது அறிவு. முன்னதற்குப் போராட்டம் வேண்டும். பின்னதற்குப் படிப்பு வேண்டும். அவரிடம் இரண்டும் இருந்தன.

நிற்க. வண்டலால் நிலத்துக்கு என்ன நன்மை? மணற்பாங்கான நிலத்தில் நீர் தங்குவதில்லை. இட்ட உரமும் தங்குவதில்லை. களித்துகளோ நீரைப் பிடித்து வைக்கும். அதன் மேற்பரப்பில் உள்ள எதிர்மின் தன்மையால் சுண்ணாம்புச்சத்து, சாம்பல்சத்து போன்றவற்றை இழுத்துப் பிடித்துப் பயிருக்குச் சிறுகச் சிறுகக் கொடுக்கும். அரசு விதிப்படி நன்செய் ஏக்கருக்கு 75 கன மீட்டரும், புன்செய் ஏக்கருக்கு 90 கன மீட்டரும் வண்டல் எடுத்துக்கொள்ளலாம். மண்பாண்டத் தொழிலாளருக்கு 60 கன மீட்டர் வழங்கப்படுகிறது. இதற்குக் கட்டணம் இல்லை. 2024ஆம் ஆண்டு முதல் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறுமாறு நடைமுறை எளிதாக்கப்பட்டுள்ளது.

இப்பொழுது ஒரு கணக்குப் போடுவோம். ஓர் ஏக்கர் என்பது ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். அதில் 75 கன மீட்டர் மண்ணைச் சமமாகப் பரப்பினால் அதன் கனம் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். இவ்வளவுதானா என்று நினைக்காதீர்கள். உழவு ஆழம் 15 சென்டிமீட்டர் என்றும், அந்த நிலத்து மண்ணில் நூற்றுக்கு 8 பங்கு களி என்றும், கொண்டுவந்த வண்டலில் நூற்றுக்கு 40 பங்கு களி என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டையும் உழுது கலந்தால் களியின் அளவு 8இலிருந்து ஏறத்தாழ 12 ஆக உயரும். அதாவது முன்னிருந்ததைப் போல் ஒன்றரை மடங்கு. ஒரே கோடையில் ஒரு நிலத்தின் இயல்பையே இந்த அளவு மாற்றக்கூடிய பொருள் வேறு எது உண்டு? ஆனால் அதே 75 கன மீட்டர், நூற்றுக்கு 5 பங்கே களியுள்ள வாயில் மணலாக இருந்தால்? நிலம் இருந்ததைவிடக் கெட்டுப்போகும். கூலியும் டிராக்டர் வாடகையும் வீண்.

இங்கேதான் நான் சொல்ல வந்த பொருளின் நடுப்பகுதிக்கு வருகிறேன். நான் பணியாற்றிய ஓர் ஊரில் ஏரி தூர்வாரப்பட்டது. அனுமதி பெற்ற எல்லோருக்கும் ஏக்கருக்கு இத்தனை நடை என்று ஒரே கணக்கு. ஏட்டில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் முதல் பத்து நாள்கள் மதகை ஒட்டிய கறுத்த வண்டல் வெட்டப்பட்டபோது சென்ற வண்டிகள் பெருநிலக்காரர்களுடையவை. நம் குடியிருப்பைச் சேர்ந்தவர்களின் முறை வந்தபோது இயந்திரம் வரத்துக்கால் வாய்க்கு வந்திருந்தது. அவர்களுக்குக் கிடைத்தது சலித்துப்போட்டாற்போன்ற மணல். அவர்கள் நிலமோ முன்பே மணற்பாங்கு. ஒரு பெரியவர் மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, "இது என் நிலத்திலிருந்து போன மண்தான் ஐயா, திரும்பி வந்திருக்கிறது" என்றார். அவர் முறையிடச் சென்றபோது, "உங்களுக்கும் அதே அளவுதானே கொடுத்தோம்?" என்ற விடையே கிடைத்தது. நடைக் கணக்கு சமம்; மண் சமமன்று. ஆனால் அதனை மெய்ப்பிக்க அவரிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

அன்பர்களே, இந்தச் செய்தியைச் சினமூட்டுவதற்காக நான் சொல்லவில்லை. அந்தப் பெரியவரின் கையில் என்ன இருந்திருந்தால் விடை வேறாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அந்த ஏரியின் மண் வரைபடம் ஒன்று இருந்திருந்தால், எந்தக் கட்டத்தில் எத்தனை பங்கு களி, எந்தக் கட்டத்து மண் எந்தப் புல எண்ணுக்கு ஏற்றது என்று வெட்டுவதற்கு முன்பே கிராம சபையில் வைத்துப் பேசியிருக்கலாம். பங்கீடு என்பது அளவில் மட்டுமன்று, தரத்திலும் உண்டு என்று ஆதாரத்தோடு கேட்டிருக்கலாம். 1892ஆம் ஆண்டில் திரெமன்கீர் அறிக்கையின் பயனாக நம் மக்களுக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களிலும், பிற்காலத்தில் கிடைத்த ஒப்படை நிலங்களிலும் பெரும்பகுதி மேட்டு நிலமும் தரிசுமே. நல்ல நிலம் ஏற்கெனவே பிறர் கையில் இருந்தது. ஆகவே வண்டலின் தேவை யாருக்கு மிகுதி என்றால், நமக்குத்தான் மிகுதி. தேவை மிகுந்தவன் கடைசியில் நிற்கிறான் என்பதுதான் அவலம்.

சரி, அந்த வரைபடத்தை எப்படி ஆக்குவது? இது பெரிய விஞ்ஞானிகளின் வேலை, நம்மால் ஆகாது என்று மலைக்காதீர்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒழுங்காகப் படித்த நான்கு பேர் சேர்ந்தால் செய்யக்கூடிய வேலை இது. படிப்படியாகச் சொல்கிறேன்.

முதற்படி, கட்டம் பிரிப்பது. 40 ஏக்கர் நீர்ப்பரப்புள்ள ஓர் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். 50 மீட்டருக்கு ஒன்றாக நெடுக்கும் குறுக்கும் கோடு போட்டால் ஏறத்தாழ 64 கட்டங்கள் வரும். ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் ஓர் இடம். இன்று எல்லார் கையிலும் இருக்கும் கைப்பேசியே அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் காட்டிவிடும். சில மீட்டர் பிழை இருந்தாலும் இந்த வேலைக்கு அது போதும்.

இரண்டாம் படி, மண் மாதிரி எடுப்பது. ஏரி வற்றிய கோடையே இதற்கு ஏற்ற காலம். மேலே ஒரு மண், அதன் கீழே வேறொரு மண் இருக்கக்கூடும். பெருவெள்ளம் வந்த ஆண்டில் மணலும், மற்ற ஆண்டுகளில் களியும் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். ஆகையால் மண் துளைப்பானைக் கொண்டோ, குழி வெட்டியோ, முதல் 30 சென்டிமீட்டர், அடுத்த 30, அதற்கடுத்த 30 என்று தனித்தனியே எடுக்க வேண்டும். ஒவ்வொன்றையும் நிழலில் உலர்த்தி, கட்டியை உடைத்து, 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, அரைக் கிலோ அளவு துணிப்பையில் இட்டு, கட்ட எண், ஆழம், நாள் ஆகியவற்றை எழுதிய சீட்டை உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக வைக்க வேண்டும். சீட்டில்லாத பை வெறும் மண். பெயர் எழுதாத விடைத்தாளுக்கு எப்படி மதிப்பெண் இல்லையோ, அப்படித்தான் இதுவும்.

மூன்றாம் படி, சோதிப்பது. இதில் சிலவற்றை நம் பள்ளியிலேயே செய்துவிடலாம். ஓர் அகன்ற வாய்க் கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும், மீதிக்கு நீரும் விட்டு நன்கு குலுக்கி, அசையாமல் வைத்துவிடுங்கள். ஓரிரு நிமிடங்களில் மணல் அடியில் அமரும். சில மணி நேரத்தில் வண்டல் அதன் மேல் படியும். களி இறங்க நாள் கணக்கில் ஆகும். மூன்று அடுக்குகளின் உயரத்தை அளவுகோலால் அளந்தால் மண்ணின் இழைநயம் ஏறக்குறையத் தெரிந்துவிடும். என் மாணவர்கள் இதனை ஆர்வத்தோடு செய்கிறார்கள். ஏரி வாயில் மண்ணையும் மதகடி மண்ணையும் அடுத்தடுத்துப் புட்டிகளில் வைத்துவிட்டால், ஸ்டோக்ஸ் விதியை நான் விளக்க வேண்டியதே இல்லை.

இன்னொரு சோதனை. உலர்ந்த மண்கட்டி ஒன்றை மழைநீர் நிறைந்த கண்ணாடிக் குவளையில் மெல்ல இறக்கி, தொடாமல் வைத்துப் பாருங்கள். கட்டியைச் சுற்றி நீர் பால்போலக் கலங்கினால் அதில் சோடியம் மிகுந்திருக்கக்கூடும் என்று ஐயுற வேண்டும். நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் நுரைக்கும் மண்ணில் சுண்ணாம்பு உண்டு. இவை முதல்நிலைச் சோதனைகள்தாம். முறையான முடிவுக்கு மண் ஆய்வுக்கூடத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே கார அமில நிலை, உப்பின் அளவைக் காட்டும் மின் கடத்துத்திறன், அங்ககக் கரிமம், தழை, மணி, சாம்பல் சத்துகள், துத்தநாகம், இரும்பு போன்ற நுண்ணூட்டங்கள் ஆகியவற்றை அளந்து தருவார்கள். செலவைக் குறைக்க வேண்டுமானால், புட்டிச் சோதனையில் ஒரே மாதிரி தோன்றும் கட்டங்களைக் குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு இரண்டு மூன்று பைகளை மட்டும் அனுப்பலாம்.

நான்காம் படி, வரைவது. 64 இடங்களின் எண்கள் நம்மிடம் உள்ளன. இடைப்பட்ட இடங்களுக்கு என்ன செய்வது? பத்தாம் வகுப்புப் புவியியலில் சம உயரக் கோடு படித்திருப்பீர்கள். ஒரே உயரமுள்ள இடங்களை இணைப்பதுபோல, ஒரே களி அளவுள்ள இடங்களை இணைத்துக் கோடு வரையலாம். ஒரு புள்ளியில் களி 20 பங்கு, அடுத்த புள்ளியில் 40 பங்கு என்றால் நடுவில் ஏறக்குறைய 30 என்று கொள்ளலாம். அண்மையில் உள்ள புள்ளிக்கு மிகுந்த மதிப்பும், சேய்மையில் உள்ளதற்குக் குறைந்த மதிப்பும் கொடுத்துக் கணக்கிடுவதே இதன் சூத்திரம். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் எங்கே தங்கம் செறிந்துள்ளது என்று மதிப்பிட, 1951ஆம் ஆண்டில் கிரிகே என்னும் பொறியாளர் ஒரு முறையை வகுத்தார். பிரான்சு நாட்டு மாத்தரோன் அதனைக் கணித முறையாக வளர்த்தார். தங்கத்தைத் தேடப் பிறந்த அதே முறைதான் இன்று 'கிரிகிங்' என்ற பெயரில் உலகெங்கும் மண் வரைபடம் ஆக்கப் பயன்படுகிறது. கியூ.ஜி.ஐ.எஸ். என்னும் கணினி மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. 2015இல் ஏவப்பட்ட செண்டினல்-2 செயற்கைக்கோளின் படங்களும் இலவசம். வற்றிய ஏரியில் எந்தப் பகுதி கறுத்தும் எந்தப் பகுதி வெளுத்தும் உள்ளது என்பதை அவை காட்டும். கணினி கிடைக்காத ஊரில் வரைபடத் தாளும் வண்ணப் பென்சிலும் போதும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஐந்தாம் படியே மிக முதன்மையானது. ஏரியின் படத்துக்கு அருகில் நம் நிலங்களின் படத்தையும் வைக்க வேண்டும். மருந்தின் பெயர் தெரிந்தால் மட்டும் போதாது. நோயும் தெரிய வேண்டும். மணற்பாங்கான செம்மண்ணுக்கு மதகடிக் களி அமுதம். ஏற்கெனவே இறுகிக் கிடக்கும் களிமண்ணுக்கு அதனையே கொண்டுபோய்க் கொட்டினால் நீர் வடியாது, வேர் மூச்சுவிடாது. அதற்கு நடுப்பகுதி வண்டலே ஏற்றது. கார நிலை 8.5க்கு மேற்பட்டு, சோடியமும் மிகுந்த மண் களர் மண். அது எந்த நிலத்துக்கும் ஆகாது. இவ்வாறு ஒவ்வொரு புல எண்ணுக்கும் ஏற்ற கட்டம் எது என்று ஒரு பட்டியல் எழுதி, அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போதே இணைத்துவிட்டால், பிறகு 'நடை சமம்' என்று யாரும் நம் வாயை அடைக்க முடியாது.

இதில் எச்சரிக்கைகளும் உண்டு. ஆலைக் கழிவு கலந்த நீர்நிலையின் வண்டலைச் சோதிக்காமல் தொடவே கூடாது. நொய்யல் ஆற்றின் குறுக்கே 1992இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்காக எழுந்தது. ஆனால் திருப்பூர்ச் சாயக் கழிவு அதில் தேங்கி, உழவர்கள் அந்த நீரே வேண்டாவென்று சொல்லும் நிலை வந்ததை நாடறியும். பாலாற்றுப் பகுதியில் தோல் பதனிடும் கழிவினால் குரோமியம் மண்ணில் சேர்ந்த செய்தியும் நாம் அறிந்ததே. கறுப்பாய் இருப்பதெல்லாம் வளமன்று. பிறர் ஏற்க மறுக்கும் மண்ணை 'இலவசம்' என்று சொல்லி நம் நிலத்தில் தள்ளிவிட இடம் கொடுக்கலாகாது. கன உலோகச் சோதனை முடியும்வரை அத்தகைய மண்ணை வேண்டா என்று சொல்லும் துணிவு வேண்டும். அந்தத் துணிவைத் தருவதும் அதே ஆய்வுத்தாள்தான்.

மேலும், நெடுங்காலம் நீருக்கடியில் காற்றுப்படாமல் கிடந்த மண்ணை உடனே பயிருக்கு இடாமல், கோடை வெயிலில் பரப்பி ஆறவிட்டு, பிறகு உழுது கலக்க வேண்டும். வண்டல் வந்துவிட்டது, இனி எருவே வேண்டா என்றும் எண்ணக்கூடாது. அது நிலத்தின் பாத்திரத்தைப் பெரிதாக்கும். பாத்திரத்தில் இடவேண்டிய தொழுவுரத்தை நாம்தான் இட வேண்டும். கரையின் அடியை ஒட்டி வெட்டினால் கரை பலவீனப்படும். வண்டலைத் தாண்டி அடித்தளத்தைத் தோண்டினால், நீரைத் தாங்கிநிற்கும் களித்தளமே கிழிந்து ஏரி நீர் பிடிக்காமல் போகும். வண்டல் என்ற பெயரில் மணலையும் செங்கல் சூளைக்கு மண்ணையும் கடத்துவோர் செய்வது அதுதான். ஒவ்வொரு கட்டத்திலும் வண்டலின் ஆழம் எவ்வளவு என்று வரைபடத்தில் குறித்துவிட்டால், எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் ஊருக்குத் தெரிந்துவிடும்.

இளைஞர்களே! நம் சங்கத்தின் உதவியால் படித்தவர்களில் வேதியியல் படித்தவர்கள் உண்டு, புவியியல் படித்தவர்கள் உண்டு, கணினி படித்தவர்கள் உண்டு. பட்டம் பெற்றதும் ஊரை விட்டுப் போய் வேலை தேடுகிறீர்கள். அது தவறன்று, போக வேண்டியதுதான். ஆனால் விடுமுறைக்கு வரும் ஒரு கோடையில் பத்து நாள்களை உங்கள் ஊர் ஏரிக்குக் கொடுங்கள். பெண்பிள்ளைகளையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். மண்ணை முழுதும் அறிந்தவர்கள் வயலில் நிற்கும் நம் தாய்மார்களே. முதியவர்களிடம் கேட்டு, ஏரியின் எந்த மூலைக்கு என்ன பெயர், எங்கே எந்த ஆண்டு உடைப்பெடுத்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் சொல்லும் இடமும் ஆய்வுக்கூடம் சொல்லும் எண்ணும் எத்தனை இடங்களில் ஒத்துப்போகின்றன என்று கண்டு நீங்களே வியப்பீர்கள். ஒத்துப்போகாத இடங்களில் ஏன் என்று கேளுங்கள். கல்வி என்பது அந்தக் கேள்விதான்.

சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். வெள்ளிவிழாவின் நினைவாக மலர் வெளியிடுகிறீர்கள், மகிழ்ச்சி. அதனோடு இரண்டு மண் துளைப்பான், ஒரு சல்லடைத் தொகுதி, ஐம்பது கண்ணாடிப் புட்டி, நூறு துணிப்பை ஆகியவற்றை வாங்கிச் சங்க அலுவலகத்தில் வையுங்கள். எந்த ஊர் இளைஞர் கேட்டாலும் இரவல் கொடுங்கள். முடிந்த வரைபடத்தின் ஒரு படியைச் சங்கத்தில் வாங்கி வையுங்கள். மற்றொரு படியை ஊராட்சி அலுவலகச் சுவரில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டச் சொல்லுங்கள். அது நமக்கு மட்டும் உரிய படமாக இருக்க வேண்டாம். ஊர் முழுவதற்கும் பயன்படும் படத்தை நம் பிள்ளைகள் வரைந்தார்கள் என்று ஊர் அறியட்டும். ஏரி எல்லார்க்கும் பொது என்பதை வாயால் சொல்லியாகிவிட்டது. இனித் தாளில் வரைந்து காட்டுவோம்.

ஏரியின் அடியில் படிந்திருப்பது மேட்டு நிலங்களின் மேல்மண். அந்த மேட்டு நிலங்களில் நம் நிலமும் உண்டு. மழை ஆண்டுதோறும் நம்மிடமிருந்து எடுத்துச் சென்ற செல்வம் அங்கே சேர்ந்து கிடக்கிறது. அதில் நமக்குரிய பங்கு எது, எங்கே, எத்தனை என்று கணக்கோடு கேட்கக் கற்றுக்கொள்வோம். கணக்கோடு கேட்பவனுக்கு விடை சொல்லாமல் தட்டிக்கழிப்பது கடினம்.

இச்சங்கம் பொன்விழாக் காணும் நாளில் நம் வட்டத்து ஏரிகள் அனைத்தின் வரைபடமும் இந்த மன்றத்துச் சுவரில் தொங்க வேண்டும் என்று விழைந்து அமைகிறேன்.